படம் பிந்தட்டும், நிலம் முந்தட்டும்

நம் ஊர்களில் ஒரு பூங்கா அமைக்கப்படும் என்றோ, ஓர் ஏரிக்கரை சீரமைக்கப்படும் என்றோ அறிவிப்பு வரும்போது, அதனுடன் ஒரு வண்ணப்படமும் சேர்ந்தே வந்துவிடுவது இக்காலத்தில் வழக்கமாகிவிட்டது. மாலை வெயிலின் பொன்னொளி படர்ந்த நடைபாதை, இருமருங்கும் முற்றி வளர்ந்து நிழல் பரப்பும் மரங்கள், அடிமண் தெரியும்படி தெளிந்த நீர், கரையில் கைகோத்து உலவும் குடும்பங்கள் என்று, ஒரு கூடை மண்ணும் அள்ளப்படாத, ஒரு செடியும் நடப்படாத இடத்தின் எதிர்காலத்தையெல்லாம் இன்றே பிரத்தியட்சமாகக் காட்டிவிடும் சக்தியைக் கணினி நமக்கு அளித்திருக்கிறது. லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்சர் என்று உலகெங்கும் வழங்கும் நிலவடிவமைப்புத் தொழிலில் கணினி விளைத்த மாறுதல்களுள் பொதுமக்களின் கண்ணில் படுவது பெரும்பாலும் இது ஒன்றே. ஆனால், அந்த யந்திரம் இத்தொழிலுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உபகாரம் இதுவன்று என்பதும், பெரிய உபகாரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டுக் கவர்ச்சியான உபகாரத்தை மட்டும் கைக்கொள்ளும் பழக்கம் நம் மண்ணுக்கும் நீருக்கும் தீங்காகவே முடியும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டுமானால், கணினி பரவலாக வருவதற்கு முன்பே இத்தொழிலில் தோன்றிவிட்ட இரண்டு சம்பிரதாயங்களை நினைவுகூர வேண்டும். வியப்புக்குரிய ஒற்றுமையாக, இரண்டும் ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை வைத்துப் பார்ப்பதிலிருந்தே பிறந்தவை.

முதலாவது, இங்கிலாந்தில் 1788-ஆம் ஆண்டில் தொழில் தொடங்கிய ஹம்ப்ரி ரெப்டன் வகுத்தது. பெருநிலக்கிழார்களின் மாளிகைகளைச் சுற்றியுள்ள புல்வெளி, நீர்நிலை, தோப்பு ஆகியவற்றை எவ்வாறு திருத்தி அமைக்கலாம் என்று யோசனை கூறுவது அவருடைய தொழில். அந்த யோசனையை அவர் கையெழுத்துப் பிரதியாக எழுதி, நீர்வண்ண ஓவியங்கள் சேர்த்து, பெரும்பாலும் செந்தோலில் கட்டமைத்துக் கொடுப்பார். ஆதலால் அவை சிவப்புப் புத்தகங்கள் என்றே பெயர்பெற்றன. ஓவியத்தின் ஒரு பகுதியின் மேல் சிறியதொரு காகித மடல் ஒட்டப்பட்டிருக்கும். மடல் மூடியிருக்கையில் தெரிவது இன்றைய நிலத்தின் குறைகள். அதைத் தூக்கினாலோ, வேலி மறைந்து, ஓடை விரிந்து, மரக்கூட்டம் விலகி, மாளிகையின் பலகணியிலிருந்து தொடுவானம்வரை கண் தங்குதடையின்றிச் செல்லும் நாளைய காட்சி விரியும். ரெப்டன் திறமையான நில அளவைக்காரரும்கூட. தம் தொழில் அட்டையில் தியோடலைட் கருவியுடன் நின்று அளப்பவராகவே தம்மைச் சித்திரித்துக்கொண்டார். எனினும், அவருக்கு முன்னிருந்த கேபபிலிட்டி பிரௌன் ஒப்பந்தம் எடுத்து வேலையை முடித்துக் கொடுத்ததுபோல் அல்லாமல், ரெப்டன் பெரும்பாலும் யோசனைக்கும் புத்தகத்துக்குமே ஊதியம் பெற்றார் என்பதையும், அவர் தீட்டிய காட்சிகளில் பல நிலத்தில் இறங்காமல் புத்தகத்திலேயே தங்கிவிட்டன என்பதையும் நாம் கருத்தில் கொள்ள வேண்டும். சொந்தக்காரரின் மனத்தை இசைவிப்பது அந்த மடலின் காரியம். அதை அது மிக அழகாகச் செய்தது.

இரண்டாவது சம்பிரதாயத்தை நிலைநாட்டியவர், ஸ்காட்லாந்தில் 1920-இல் பிறந்து, அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் நிலவடிவமைப்புத் துறையை வளர்த்த இயான் மெக்ஹார்க். நியூயார்க் நகரைச் சேர்ந்த ஸ்டேட்டன் தீவில், காடடர்ந்த குன்றுகளின் ஊடே ரிச்மண்ட் பார்க்வே என்னும் நெடுஞ்சாலை ஒன்றைப் போட எண்ணியபோது, அதற்குத் தகுந்த தடம் எது என்று ஆராயும் பணி 1960-களின் பிற்பகுதியில் அவரிடம் வந்தது. அவர் முதலில் காட்சி எதையும் தீட்டவில்லை. நிலத்தின் சரிவு, மண்ணின் வடிகால் தன்மை, அடிப்பாறையின் உறுதி, அரிப்புக்கு இடங்கொடுக்கும் தன்மை, கடல்வெள்ளம் ஏறும் எல்லை, காடு, வனவிலங்கு, சரித்திரச் சின்னம், குடியிருப்பு என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தெளிதாளை எடுத்து, எங்கே சாலை போட்டால் சேதம் அதிகமோ அங்கே கருமையாகவும், எங்கே குறைவோ அங்கே வெளிறியும் சாயம் பூசினார். பிறகு அத்தாள்களையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது, கருமை திரண்ட இடங்களுக்கிடையே வெளிறிய ஒரு தடம் தானாகவே தென்பட்டது. சமூகத்துக்கு நேரும் நஷ்டம் மிகக் குறைவாக இருக்கும் வழி அதுவே என்றார் அவர். முன்பு வகுக்கப்பட்டிருந்தபடி குன்றுகளை ஊடறுத்துச் செல்லும் சாலை பிறகு கட்டப்படவேயில்லை. அந்த வனம் இன்றும் பூங்காவாக நிலைத்திருக்கிறது. 1969-இல் வெளிவந்த அவருடைய ‘டிசைன் வித் நேச்சர்’ என்னும் நூல் இந்த முறையை உலகறியச் செய்தது.

ரெப்டனின் மடல் நிலத்தின்மேல் ஆசையை விரித்தது. மெக்ஹார்க்கின் தாள் நிலத்தைக் கேள்வி கேட்டது. இவ்விரண்டு வழிகளும் பின்னர்க் கணினிக்குள் புகுந்தன என்பதும், இன்று நம் வடிவமைப்பாளரின் மேசையில் அருகருகே வீற்றிருக்கின்றன என்பதுமே இத்தொழிலின் சமீப காலச் சரித்திரம்.

அவற்றுள் மெக்ஹார்க்கின் வழி கணினியை அடைந்த வரலாறு சுவையானது. பத்துத் தாள்களுக்கு மேல் அடுக்கினால் எல்லாம் கரியாகிவிடும். எந்தக் கருமை எந்தத் தாளுக்கு உரியது என்று கண்ணால் பிரித்தறிய இயலாது. இந்த இடர்ப்பாட்டுக்கு மாற்று, 1965-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு ஃபிஷர் தொடங்கிய கணினி வரைகலைக் கூடத்திலிருந்து கிடைத்தது. அக்காலத்து அச்சுப்பொறி எழுத்துகளை மட்டுமே அச்சிட வல்லது. ஆகவே ஓரெழுத்தின்மேல் இன்னோர் எழுத்தை அடித்து அடித்துக் கருமையை உண்டாக்கி, அந்தக் கருமையாலேயே நிலப்படம் தீட்டினார்கள். அந்தக் கூடத்தில் பயின்றவர்களுள் ஒருவர், கலிஃபோர்னியாவின் ரெட்லாண்ட்ஸ் நகரில் நாற்றுப்பண்ணை நடத்திய குடும்பத்தில் பிறந்து நிலவடிவமைப்புப் படித்த ஜாக் டேஞ்சர்மண்ட். அவரும் அவர் மனைவி லாராவும் 1969-இல் தொடங்கிய எஸ்ரி நிறுவனத்தின் மென்பொருள்தான், இன்று உலகின் அரசாங்கங்களும் நகராட்சிகளும் கையாளும் புவியியல் தகவல் முறையைப் பரப்பியவற்றுள் முதன்மையானது. கணினி நிலப்படத்தின் வேர்களுள் ஒன்று நாற்றுப்பண்ணையிலும் தோட்டக்கலையிலும் ஊன்றியிருக்கிறது என்பதை, இத்தொழிலைச் செடி நடும் அலங்கார வேலையாக மட்டும் எண்ணுவோர் அறிந்துகொள்வது நல்லது.

அந்த வேரிலிருந்து கிளைத்த சாதனங்கள் இன்று எத்தனையோ. நான்கு பேர் சங்கிலியும் ஏணியளவுக் கோலும் தூக்கிக்கொண்டு பல நாள் அலைந்து எடுத்த மட்டங்களை, ட்ரோன் ஒரு காலைப்பொழுதில் எடுத்துவிடுகிறது. லைடார் என்னும் கருவி வானிலிருந்து லட்சக்கணக்கான ஒளித்துடிப்புகளை ஏவுகிறது. அவற்றுள் சில இலைகளின் இடுக்குகளில் நுழைந்து மண்ணைத் தொட்டுத் திரும்புவதால், அடர்ந்த தோப்பின் கீழ் மறைந்து கிடக்கும் பழைய வாய்க்காலின் பள்ளத்தையும்கூட நாம் காண முடிகிறது. இவ்வளவு மழை பெய்தால் நீர் எங்கே தேங்கும், எவ்வழி ஓடும், எத்தனை நாழிகையில் வடியும் என்று கணித்துச் சொல்லும் மென்பொருள் உண்டு. வடிவமைப்பாளர் வகுத்த மேடுபள்ளத்தைச் செயற்கைக்கோளின் உதவியால் தானே உணர்ந்து, முளைக்கம்பு அடிக்காமலே மண்ணை வெட்டி நிரப்பும் புல்டோசர்களும் வந்துவிட்டன. சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்களை ஒவ்வொன்றாகப் படத்தில் குறித்து, எவரும் பார்க்கும்படி 2018-இல் வெளியிட்டது.

இவற்றால் நமக்கு நேரக்கூடிய நன்மை சாமானியமானதன்று. தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை அடைந்து, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலை நோக்கிச் செல்கிறது; அப்பிரதேசம் முழுதும் மிகச் சமதளமானதாகையால், நீர் எப்பக்கம் திரும்பும் என்பதைச் சில சாண் உயரமே தீர்மானித்துவிடுகிறது. அத்தகைய நிலத்தில் ஒரு பூங்காவோ, ஒரு கல்லூரி வளாகமோ அமைப்பவர், தம் மனைக்குள் மண் கொட்டி உயர்த்துவதால் அண்டை வீட்டில் எவ்வளவு நீர் ஏறும் என்பதை முன்கூட்டியே கணித்துச் சொல்ல இன்று இயலும். எஃப்.எம்.பி. என்று தாலுகா அலுவலகத்தில் வழங்கும் புலப்படத்தை ட்ரோன் எடுத்த படத்தின்மேல் பொருத்திவைத்தால், ஓடைப் புறம்போக்கு என்று ஏட்டில் இருப்பது நிலத்தில் எந்த இடத்தில் சுவராகவும் கடையாகவும் மாறிற்று என்பது வெட்டவெளிச்சமாகிவிடும். 2015-ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளத்தைக் கண்ட ஒரு மாநிலத்தில், இயன்ற கணிப்பைச் செய்யாமல் விடுவது மன்னிக்கத்தக்க அலட்சியம் அன்று.

ஆயினும், யந்திரம் அளந்ததாலேயே ஓர் அளவு மெய்யாகிவிடாது என்னும் விவேகமும் உடன் இருக்க வேண்டும். ஆகாயத்தாமரை மூடிய ஏரி வானிலிருந்து பார்ப்பதற்குப் பசும்புல்வெளியாகத் தோன்றும். சித்திரை வெயிலில் எடுத்த படத்தில் அதே ஏரி பிள்ளைகள் பந்தாடும் மைதானமாகத் தோன்றும். உலகம் முழுவதற்கும் இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயர அளவைகளில் சில மீட்டர் பிழை இருப்பது சகஜம்; மலைநாட்டில் அது பொருட்டன்று, ஆனால் மொத்தச் சரிவே ஓரிரண்டு மீட்டராக உள்ள கடலோரச் சமவெளியில் அந்தப் பிழை நீரின் திசையையே மாற்றிக் காட்டிவிடும். சாதாரண லைடார் ஒளி நீருக்குள் இறங்காது. ஆகவே ஏரியில் வண்டல் எத்தனை அடி படிந்திருக்கிறது என்றறிய, இன்றும் ஒருவர் பரிசலில் ஏறிக் கோலை இறக்கித்தான் ஆக வேண்டும். கலங்கல் வழிந்தால் எந்தத் தெரு முதலில் நனையும், எந்த மதகு எத்தனை ஆண்டாகத் திறக்கப்படாமல் கிடக்கிறது, வரத்துக்கால்வாய் எங்கே தூர்ந்தது என்பவற்றையெல்லாம் அவ்வூரில் ஏரிநீரைப் பாய்ச்சும் நீர்க்கட்டி அறிந்த அளவுக்கு எந்தக் கருவியும் அறியாது.

இன்னும் நுட்பமான ஓர் அபாயமும் உண்டு. மெக்ஹார்க்கின் தாள்களிலேயே நிலமதிப்பு என்று ஒரு தாள் இருந்தது; விலையுயர்ந்த மனைக்குக் கருமை, விலை குறைந்த மனைக்கு வெளிறல். சாலை வெளிறிய இடத்தை நாடிச் செல்வதே அம்முறையின் நியதி ஆகையால், ஏழைகள் வாழும் பகுதி இயல்பாகவே அதன் பாதையில் வந்து நிற்கும். எந்தத் தாளைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு கனம் கொடுப்பது என்பது மனிதர் செய்யும் தர்ம நிர்ணயம். தெளிதாளாக இருந்த காலத்தில், எதிர்வாதம் செய்பவர் அந்த ஒரு தாளை உருவி எடுத்துவிட்டு, இப்போது பாருங்கள் என்று சொல்ல முடிந்தது. கணினியோ நூறு தாள்களை நொடியில் கூட்டி ஒரே விடையாகத் தந்துவிடுகிறது. அந்தக் கூட்டலுக்குள் யாருடைய விருப்பம் மறைந்திருக்கிறது என்பதைச் சாதாரணப் பிரஜை காண வழியில்லாமற் போகிறது. எனவே, விடையை மட்டும் வெளியிடுவது போதாது. ஒவ்வொரு தாளையும், அதற்குக் கொடுத்த கனத்தையும் சேர்த்தே வெளியிடச் சொல்வது பொதுமக்களின் நியாயமான உரிமையாகும்.

கணிப்பும் கள அனுபவமும் எவ்வாறு ஒன்றையொன்று தழுவி நடக்கலாம் என்பதற்குச் சிங்கப்பூரின் பீஷான் – ஆங் மோ கியோ பூங்கா ஒரு நல்ல திருஷ்டாந்தம். அப்பூங்காவின் ஓரமாக, ஏறத்தாழ 2.7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கான்கிரீட் கால்வாயாக ஓடிக்கொண்டிருந்த காலாங் ஆற்றை, கரை திறந்து, பூங்காவுக்குள் வளைந்து நெளிந்து ஓடும் இயற்கையான ஆறாக மாற்றி, 2012-இல் மக்களுக்குத் திறந்துவிட்டனர். பெருமழையில் அந்த ஆறு ஏறக்குறைய நூறு மீட்டர் அகலத்துக்கு விரிந்து, புல்வெளியையே வெள்ளம் தாங்கும் படுகையாக்கிக்கொள்ளும். எவ்வளவு நீர் வரும், எவ்வளவு வேகத்தில் வரும் என்பதைக் கணினி மாதிரிகளால் கணித்தார்கள். ஆனால், கான்கிரீட்டை நீக்கிய கரையை வேர்களாலும் கற்களாலும் கட்டி நிறுத்தும் முறை வெப்பமண்டலப் பெருமழைக்குத் தாங்குமா என்ற கேள்விக்கு விடை கணிப்பில் இல்லை. அதற்காக 2009-இல் பூங்காவின் பக்கவடிகால் ஒன்றில் சுமார் அறுபது மீட்டர் நீளத்தைப் பரிசோதனைக் களமாக்கி, பத்து விதமான கரைகட்டும் முறைகளை மெய்யாகவே செய்து, செடிகள் வேர்பிடிக்கும்வரை காத்திருந்து, எவை நின்றன என்று கண்ட பின்னரே பெருவேலையைத் தொடங்கினார்கள். திறந்த பிறகும் நீர்மட்டத்தை உணரும் கருவிகளும் அபாயச் சங்குகளும் எச்சரிக்கை விளக்குகளும் அங்கே காவல் நிற்கின்றன. பூங்காவின் சௌந்தரியத்தைப் புகழ்வோர், அதன் பின்னே நின்ற இந்தப் பொறுமையையும் சேர்த்துப் புகழ வேண்டும்.

நம்மிடையே நடப்பதோ பெரும்பாலும் இதற்கு மாறானது. படம் முதலில் வருகிறது. படத்தைக் கண்டு திட்டத்துக்கு ஒப்புதல் கிடைக்கிறது. மட்டமும் மண்ணும் நீரோட்டமும் பிறகு, அவகாசம் இருந்தால், பார்க்கப்படுகின்றன. வரன் தேடும் வீட்டார்கூடப் புகைப்படத்தை மட்டும் கண்டு முகூர்த்தம் குறிப்பதில்லை. படத்தில் நிற்கும் மரம் முப்பது வயது மரம். திறப்புவிழா அன்று நிலத்தில் நிற்பதோ மூங்கில் முட்டுக்கொடுத்த ஆறடி நாற்று. மென்பொருளின் மரக்களஞ்சியங்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களால் நிறைந்தவையாதலால், வேம்பும் புங்கையும் நீர்மருதும் நிற்க வேண்டிய கரையில் மேப்பிளைப் போன்ற ஏதோ ஒன்று நிழல் பரப்புகிறது. படத்தில் எப்போதும் மாலை ஐந்து மணி. அக்கினி நட்சத்திரத்தின் நண்பகலும் ஐப்பசி அடைமழையும் அங்கே எட்டிப்பார்ப்பதில்லை. செயற்கை நுண்ணறிவு வந்தபின், இடத்தையே காணாத ஒருவர் நான்கு வரி எழுதிக்கொடுத்தால் போதும், நாற்பது படங்கள் பிறந்துவிடுகின்றன. அழகான படத்தை உண்டாக்கும் பிரயாசை அனேகமாக மறைந்துவிட்டபடியால், படத்தைக் கொண்டு வடிவமைப்பாளரின் திறமையை அளக்கும் பழைய அளவுகோலும் பயனற்றதாகிவிட்டது.

படமே கூடாது என்று நான் வாதிக்கவில்லை. சமஉயரக் கோடுகளும் குறுக்குவெட்டுகளும் நிறைந்த வரைபடத்தைப் பயிற்சி பெற்றவர்களால்தான் படிக்க முடியும். ஏரிக்கரையில் மாடு மேய்ப்பவரும் மீன் பிடிப்பவரும் பூ விற்பவரும் தங்கள் இடத்துக்கு என்ன நேரப்போகிறது என்று அறிந்து அபிப்பிராயம் சொல்ல வேண்டுமானால், அவர்களுக்குக் கண்ணால் காணத்தக்க காட்சி வேண்டும். அந்த வகையில் ரெப்டனின் மடல் இன்று ஜனநாயகத்தின் கருவியாகவே ஆகக்கூடும். ஆனால், அவர்களுக்குக் காட்டுவது முழுமையாக இருக்க வேண்டும்: நட்ட முதல் ஆண்டில் எப்படி இருக்கும், பத்தாம் ஆண்டில் எப்படி இருக்கும், கோடை நண்பகலில் நிழல் எவ்வளவு தூரம் விழும், பெருமழை நாளில் நீர் எந்தப் படிவரை ஏறும் என்று நான்கு படங்களையும் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாலைப்பொழுதைத் தீட்டும் கணினிக்கு இந்த நான்கையும் தீட்டுவது கஷ்டமன்று.

ஆகவே நம் நகராட்சிகளுக்கும் பொதுப்பணித் துறையினருக்கும் நான் வைக்கும் வேண்டுகோள் இது. பூங்கா, ஏரிக்கரை, ஆற்றோரம் முதலியவற்றுக்கான விரிவான திட்ட அறிக்கையில், மட்டப்படம், மண் பரிசோதனை, நீரோட்டக் கணிப்பு, தற்போதுள்ள மரங்களின் பட்டியல் ஆகிய நான்கும் ஏற்கப்பட்ட பிறகே வண்ணப்படம் பார்வைக்கு வர வேண்டும் என்று விதி செய்யுங்கள். நிலப்படம் தயாரிப்பதற்கு இருந்த கட்டுப்பாடுகளை இந்திய அரசு 2021-இல் வெகுவாகத் தளர்த்தியது. 2022-இல் தேசியப் புவிசார் கொள்கையும் வந்துவிட்டது. பொதுப்பணத்தில் எடுக்கப்பட்ட மட்டங்களையும் வெள்ள எல்லைகளையும், அவ்வூர்ப் பள்ளி ஆசிரியரும் திறந்து பார்க்கும்படி தமிழிலேயே வெளியிடுவதற்கு இனி முகாந்திரமான தடை ஏதுமில்லை.

கல்லூரிகளுக்கும் ஒரு வார்த்தை. மென்பொருளை மாணவர்களுக்குத் தாராளமாகக் கற்பியுங்கள். ஆனால் கணினியில் கையை வைக்கும் முன்பு, ஒரு மழைக்காலமேனும் அவர்கள் குடையோடு ஓர் ஏரியின் கரையைச் சுற்றிவந்து, நீர் வரும் வழியையும் போகும் வழியையும் கையாலேயே வரைந்திருக்க வேண்டும். நீரை நேரில் பின்தொடர்ந்து நடந்தவனுக்குத்தான் திரையில் ஓடும் நீலக்கோடு பிழையாக இருந்தால் உறுத்தும். அந்த உறுத்தல் இல்லாதவன் யந்திரம் சொன்னதையெல்லாம் நம்புவான், அல்லது எதையும் நம்பாமல் படம் மட்டும் தீட்டுவான்.

கணினி இத்தொழிலை அழிக்கும் என்று அஞ்சுவோரும், அதுவே எல்லாவற்றையும் செய்துவிடும் என்று மகிழ்வோரும் ஒரே பிரமையில் இருக்கிறார்கள். இருவரும் படத்தையே தொழில் என்று எண்ணுகிறார்கள். நிலத்தின் சத்தியத்தை அறிந்து, அதற்கு இணங்க மனிதர் வாழும் இடத்தை அமைத்து, அமைத்ததற்குத் தலைமுறைகளின் முன் பொறுப்பேற்பதே தொழில். அந்த அறிவைப் பெருக்கும் சாதனம் நம் கைக்கு வந்திருக்கும் இக்காலத்தில், அதை அலங்காரத்துக்கு மட்டும் செலவிட்டுவிட்டு அடுத்த வெள்ளத்துக்கு விதியை நோவது தகாது. எந்தத் திட்டம் வந்தாலும் நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, இந்த இடம் எப்படித் தோற்றமளிக்கும் என்பதன்று. இங்கே விழும் மழை எங்கே போகும் என்பதே. அதற்கு விடை சொல்ல முடியாத எந்தப் படத்துக்கும் ஒப்புதல் அளிக்க வேண்டாம்.